ஒரேபோட்டார்

குப்பைத் தொட்டி வரைக்கும் எழுந்து போகாத மனிதர்கள் என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். காகிதத்தைக் கசக்கி உருண்டையாக்குவார், நாற்காலியில் சாய்வார், ஒரு கண்ணை மூடுவார், அறையின் மறுகோடியில் தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும் தொட்டியை வேட்டைக்காரன் மாதிரி முறைப்பார், அப்புறம் ஒரு வீச்சு! உள்ளே விழுந்துவிட்டால் வீடே எழுந்து நின்று கைதட்ட வேண்டும். விழாவிட்டால்? விழாவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம். அந்தக் காகிதத்துக்கும் அவருக்கும் அந்த நொடியோடு உறவு அறுந்தது. அது அங்கேயே கிடக்கும். யாராவது எடுப்பார்கள். அந்த 'யாராவது' யார் என்று இந்த ரகத்தில் ஒருவரும் இதுவரை விசாரித்ததாகத் தகவல் இல்லை.

இவர்களில் பெரும்பாலோர் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். பாவம், வாய்ப்பில்லை. ஆனால் ஒரு சிலருக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது. டிஸ்க் கோல்ஃப் என்ற விளையாட்டு அவர்கள் கண்ணில் பட்டுவிடுகிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ரொம்பச் சுலபம். ஒரு பெரிய பூங்கா. அதில் அங்கங்கே ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியிலிருந்து சுற்றிலும் சங்கிலிகள் தொங்கும், அதற்குக் கீழே இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புக் கூடை. தூரத்தில் ஒரு கல் பாவிய இடத்தில் நின்று கையகலத் தட்டு ஒன்றை வீச வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழும்வரை இப்படியே. குறைந்த வீச்சில் முடித்தவர் ஜெயித்தார். நிதானமான மனிதர்களுக்கு இரண்டு மூன்று வீச்சில் முடியும். கல்லிலிருந்து வீசிய முதல் வீச்சே நேராகக் கூடைக்குள் போய்விட்டால் அதற்குப் பெயர் ஒரே போடு. நல்ல ஆட்டக்காரருக்கே அது வாழ்நாளில் எப்போதாவது ஒரு தடவைதான் நடக்கும். நடந்தால் அழுதுவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன், கட்டட வேலை செய்கிற ஒரு முரட்டு ஆள் தேம்பித் தேம்பி அழுதார். அவ்வளவு அழகான விஷயம் அது!

அந்த அழகான விஷயத்தை வாராவாரம் செய்துகொண்டிருந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தொழில் மூக்குக் கண்ணாடிக் கடை. டிஸ்க் கோல்ஃப் சங்கத்தில் வைத்த பெயர் ஒரேபோட்டார். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே சட்டென்று ஞாபகம் வராது. சங்கத்தில் உள்ள மற்ற எல்லோருடைய ஒரே போடுகளையும் கூட்டினாலும் இவருடையதை எட்டாது. பொய்யில்லை, கலப்படமில்லை, அத்தனையும் அசல்.

சரி, அப்படியானால் எத்தனை கோப்பை ஜெயித்திருப்பார்?

ஒன்றுகூட இல்லை.

எப்படி என்கிறீர்களா? அங்கேதான் இந்த ரகத்தின் ரகசியமே இருக்கிறது. மற்றவர்கள் கூடைக்குக் கிட்டே போட்டு அடுத்த வீச்சில் முடிப்பார்கள். இவர் கூடையைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார். எவ்வளவு தூரமானாலும் சரி, நடுவில் மரம் நின்றாலும் சரி, மேட்டுக்கு அந்தப்பக்கம் கூடை இருக்கிறதா என்றே தெரியாவிட்டாலும் சரி, முழு பலத்தையும் திரட்டி நேரே அதை நோக்கி ஒரு விடு. போனால் ஒரே போடு. போகாவிட்டால் புதர், ஓடை, பக்கத்துச் சாலை, ஒரு தடவை ஐஸ்கிரீம் வண்டி. அங்கிருந்து மீண்டுவர ஏழெட்டு வீச்சு. ஆட்ட முடிவில் எப்போதும் கடைசிக்கு முந்தின இடம். கடைசி இடத்தில் வருகிறவர் சங்கத்தின் பொருளாளர், அவருக்குத் தோள்பட்டை இறங்கியிருக்கிறது.

"இடம் என்னங்க இடம்! மூணாவது கூடையில என்ன நடந்துச்சுன்னு பாத்தீங்களா இல்லையா?" என்பார் ஒரேபோட்டார்.

இந்தப் 'பாத்தீங்களா' ரொம்ப முக்கியம். ஏனென்றால் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே போடு விழுந்தால் சேர்ந்து ஆடினவர்கள் அத்தனை பேரும் அந்தத் தட்டின் மேல் மார்க்கர் பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிக் கையெழுத்து. ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் அது ஒரே போடு இல்லை, வெறும் புரளி. ஆகவே வீசுவதற்கு முன்னால் ஒரேபோட்டார் ஒரு சடங்கே நடத்துவார். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக் காற்றில் நீட்டுவார். கால்சட்டையை இழுத்து விட்டுக்கொள்வார். இடது கண்ணை மூடுவார். அப்புறம் சுற்றியிருக்கிற ஜனங்களைப் பார்த்து உரத்த குரலில், "பாருங்க பாருங்க பாருங்க!" அந்தப் பக்கம் நாயோடு நடக்கப் போனவர்கள்கூட நின்றுவிடுவார்கள். நாயும் நிற்கும்.

கையெழுத்தான தட்டுகளை வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அடுக்கினார். அலமாரி நிறைந்ததும் மிச்சத்தைக் கடைச் சுவரில் மாட்டினார். மாட்டினதோடு விட்டாரா? கண் பரிசோதனைக்கு எழுத்துப் பலகை வைப்பார்கள் இல்லையா, பெரிய எழுத்தில் ஆரம்பித்துக் கீழே வரவரச் சின்னதாகும்? அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்.

"மேல் வரிசைல ரெண்டாவது தட்டு. என்ன எழுதியிருக்கு, படிங்க பாப்போம்."

"பதினோராவது கூடை... ஒரே போடு..."

"நல்லா சத்தமா."

"ஒரே போடு!"

"கீழ சின்னதா ஒரு கையெழுத்து இருக்கே, தெரியுதா?"

"கலங்கலாத்தான் இருக்கு சார்."

"அது எங்க எல்ஐசி ஏஜென்ட்டு. அன்னிக்கு செம காத்து. தட்டு அப்படியே வளைஞ்சு..." என்று ஆரம்பித்தால் கண்ணாடி கேட்டு வந்தவர் கண்ணாடி இல்லாமலேயே வாசலைக் கண்டுபிடித்துக் கிளம்பிவிடுவார்.

வீட்டில்? வீட்டிலும் அதே வீச்சுத்தான். கழற்றிய சட்டை அறைக்குள்ளிருந்தே கூடத்து அழுக்குக் கூடைக்குப் பறக்கும். சாவிக்கொத்து வாசலிலிருந்து ஆணிக்குப் பறக்கும். சோப்பு, துண்டு, டிவி ரிமோட், சின்ன வெங்காயம். முட்டையை மட்டும் மனைவி விடவில்லை. ஆணியில் மாட்டாத சாவி, கூடைக்கு வெளியே தொங்கும் சட்டைக் கை, அலமாரிக்கு அடியில் போன வெங்காயம், இதெல்லாம் அவருடைய உலகத்தில் கிடையாது. அவருக்குத் தெரிந்தவரை அவர் எறிந்ததெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சிலது நேராக, சிலது மனைவி வழியாக.

அந்த அம்மா வேலை பார்ப்பது பார்சல் பிரிக்கிற கிடங்கில், மேற்பார்வை. நாள் முழுக்க வருகிற பெட்டிகளை ஊர்வாரியாகக் கூண்டுகளில் சேர்க்க வேண்டும். கிடங்குச் சுவரில் இத்தனை பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: 'எறியாதே. வை.' எழுதச் சொன்னதே அவர்தான். அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு புருஷன் வாய்த்தது யாருடைய குறி என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவரும் பூங்காவுக்குப் போவார். ஆட அல்ல. புதருக்குள் போன தட்டுகளை எடுக்க. ஒரேபோட்டார் கல்லிலேயே நின்றுகொண்டு, "அங்கதான் எங்கயாவது இருக்கும் பாரும்மா, தூக்கிப் போடு!" என்பார். அந்த அம்மா முள்ளுக்குள்ளிருந்து, கிளைகளுக்கு நடுவில் தெரிகிற ஒரு சின்ன சந்து வழியாக, தட்டைத் திருப்பி விடுவார். அது நேரே வந்து புருஷன் கையில் உட்காரும். அவர் அண்ணாந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். இது ஒரு பெரிய வித்தை என்று அவருக்கும் தோன்றவில்லை, சங்கத்தில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. ஆட ஆள் குறைந்த நாளில், சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் அந்த அம்மாவைக் கூப்பிடுவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஜோடிப் போட்டி வந்தது.

ஜோடிப் போட்டியில் ஒருவர் வீச வேண்டும், அது விழுந்த இடத்திலிருந்து மற்றவர் வீச வேண்டும், மாற்றி மாற்றி. ஒரேபோட்டாருக்கு எப்போதும் ஜோடி அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. அவன் போட்டிக்கு முந்தின வாரம் குளியலறையில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டான். கட்டுப் போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு அவன் முகம் ஏன் அவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"மாமா, அக்காவக் கூட்டிட்டுப் போங்க" என்றான்.

"உங்கக்காவா? அவளுக்கு என்னடா தெரியும்?"

"நீங்க போடற எடத்துலேருந்து வெளிய வரத் தெரிஞ்ச ஒரே ஆளு அவதான் மாமா."

அந்த அம்மா உள்ளேயிருந்து, "நான் வரேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் மறுநாள் காலையில் ஒரேபோட்டார் கூடத்துக்கு வந்தபோது அலமாரியின் நடுத்தட்டில் ஒரு காலி இடம்!

"ஏய்! இங்க இருந்த ஏழாவது கூடை எங்க?"

"மேல வெச்சிருக்கேன்."

"ஏன்?"

"எடம் வேணும்."

"எதுக்கு எடம்?"

"கோப்பைக்கு" என்றார் அந்த அம்மா, பல் துலக்கிக்கொண்டே.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த அம்மா வாழ்க்கையில் ஒரு பரிசும் வாங்கினதில்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில்கூட இரண்டாவதாக வருகிறவளுக்குச் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர். கிடங்கில் விஷயத்தைச் சொன்னதும் லோடு ஏற்றுகிறவர்கள், சீல் அடிக்கிற பெண்கள், எடை போடுகிறவர் என்று பாதிக் கிடங்கு வேடிக்கை பார்க்கக் கிளம்பி வந்துவிட்டது. வண்டி ஓட்டுகிறவர் விசில் வேறு கொண்டுவந்திருந்தார்.

எதிர் ஜோடி யார் தெரியுமா? பல் டாக்டரும் அவருடைய தம்பியும். வருஷா வருஷம் கோப்பை அவர்கள் வீட்டுக்குத்தான் போகும். டாக்டர் தட்டை வீசுவதையே பார்க்க முடியாது, அவ்வளவு மெதுவாக விடுவார். விடும்போது தனக்குத் தானே, "வலிக்காது, வலிக்காது" என்று முணுமுணுப்பார். கூடைக்கு முழங்கை தூரத்தில் விழும். தம்பி போய் உள்ளே தள்ளுவார். ஒரு கூடையைப் போல இன்னொரு கூடை, பல் வரிசை மாதிரி ஒழுங்கு.

முதல் கூடை. ஒரேபோட்டார் விரலை நனைத்தார், கால்சட்டையை இழுத்தார், கண்ணை மூடினார். "பாருங்க பாருங்க பாருங்க!" தட்டு கூடைக்கு மேலே போய், மேட்டுக்கு மேலே போய், ஒரு முள்புதரின் வயிற்றுக்குள் போய்விட்டது.

"சங்கிலிய ஒரசிட்டுதான் போச்சு" என்றார்.

"ஆமா மாமா, சங்கிலிக்குக் கூச்சமா இருந்திருக்கும்" என்றான் மச்சினன். ஊன்றுகோலோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

அந்த அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு புதருக்குள் போனார். அப்புறம் இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தட்டு வெளியே வந்தது. அவசரமில்லாமல் வந்தது. தெரு தெரியும், வீட்டு எண் தெரியும் என்கிற மாதிரி வந்தது. சங்கிலி ஒரு தடவை கலகலத்தது.

கூடைக்குள்!

பல் டாக்டர் வாயைத் திறந்தார். முதல் தடவையாக அவர் வாயை மற்றவர்கள் பார்த்தார்கள்.

அன்றைக்கு முழுக்க இதுதான் கதை. ஒரேபோட்டார் வேலிக்கு வெளியே போடுவார், அந்த அம்மா வேலிக்கு வெளியேயிருந்து முடிப்பார். ஒரேபோட்டார் ஓடைக்கரைச் சேற்றில் போடுவார், அந்த அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றிலிருந்து முடிப்பார். மரத்துக் கிளையில் மாட்டிய தட்டை எடுக்க லோடு ஏற்றுகிற இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். கிடங்குப் பெண்கள் ஒவ்வொன்றுக்கும், "டெலிவரி ஆயிடுச்சு!" என்று கத்தினார்கள். வண்டிக்காரர் விசில் ஊதி ஊதிக் கன்னம் சிவந்து நின்றார். ஒரேபோட்டாருக்கு ஒரே குழப்பம். இத்தனை கைதட்டல், ஆனால் தட்டு அவர் கையில் இல்லையே?

"என்ன இன்னிக்கு, நான் ஒண்ணும் போடல, இவ்வளவு சத்தம்?" என்று மச்சினனைக் கேட்டார்.

"வேற யாரோ போடறாங்க மாமா. நீங்க பாக்கல."

கடைசிக் கூடைக்கு வந்தபோது இரண்டு ஜோடியும் சமம்! நம்ப முடிகிறதா? ஒரேபோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு மனுஷி சமத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். டாக்டர் ஜோடிதான் முதலில் வீசியது. டாக்டர் "வலிக்காது" என்று சொல்ல மறந்துவிட்டார் போல, கொஞ்சம் தள்ளி விழுந்தது. மூன்று வீச்சில் முடித்தார்கள்.

ஆக, நம்மவர்கள் இரண்டில் முடித்தால் கோப்பை. அந்தக் கூடை கிட்டத்தில்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் குளம். தாண்டிப் போனால் தட்டும் போச்சு, ஆட்டமும் போச்சு. கல்லிலிருந்து வீச வேண்டிய முறை யாருடையது?

வேறு யாருடையது!

சீல் அடிக்கிற பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மா கல்லுக்குப் போய்ப் புருஷன் பக்கத்தில் நின்றார்.

"என்னங்க."

"ம்?"

"கூடைக்கு முன்னாடி காஞ்ச புல்லு ஒரு திட்டு தெரியுதா?"

"தெரியுது."

"அங்க வையுங்க. எறிய வேணாம். வையுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஒரேபோட்டார் கூடையைப் பார்த்தார். இவ்வளவு கிட்டத்தில் ஒரு கூடை! சங்கிலி வெயிலில் பளபளத்துக்கொண்டு, வா வா என்றது. ஒரு ஜாதிக் குதிரையைக் கழுதை நடை நடக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

"ஒரே ஒரு தடவைதாங்க கேக்கறேன்" என்றார் அந்த அம்மா. "கடைசி வீச்சு எனக்கு வேணும். எல்லாரும் பாக்க வந்திருக்காங்க."

ஒரேபோட்டார் திரும்பிப் பார்த்தார். முள் கீறிய முழங்கை, சேறு காய்ந்த பாதம், தலையில் இரண்டு இலை. என்ன தோன்றியதோ, தலையை ஆட்டினார்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த அம்மா தள்ளி நின்று பார்த்தார். கூடையைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தார். விரலை நனைக்கிறாரா? இல்லை. கால்சட்டையை இழுக்கிறாரா? இல்லை. இடது கண்? இரண்டு கண்ணும் திறந்திருந்தன, காய்ந்த புல்லையே பார்த்துக்கொண்டிருந்தன. 'பாருங்க பாருங்க' வரவே இல்லை. மூச்சுக்கூட வந்த மாதிரி இல்லை. குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி, மெதுவாக, அவ்வளவு மெதுவாக, விட்டார்.

தட்டு புல்லுக்குத்தான் போனது. புல்லுக்கு மேலே வந்து இறங்கவும் ஆரம்பித்தது. அப்போது குளத்துப் பக்கமிருந்து ஒரு காற்று. விரலை நனைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பார்க்கவில்லையே! மெதுவாகப் போகிற தட்டு காற்றுக்கு எதிரே மாட்டினால் என்ன ஆகும்? எழும்பும். எழும்பியது. கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று யோசித்தது. அப்புறம் சாய்ந்து, சறுக்கி, சங்கிலியில் போய் விழுந்து, கலகல கலகல என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சிரித்துவிட்டுக் கூடைக்குள் உட்கார்ந்தது.

ஒரே போடு.

கோப்பை ஜெயித்தாகிவிட்டது! வண்டிக்காரர் பழக்கதோஷத்தில் பாதி விசில் ஊதினார், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டார்.

அந்த அம்மா கையில் எதுவும் இல்லை. வீசுவதற்கு எதுவும் பாக்கி இல்லை.

"அடடடா!" என்று டாக்டர் ஓடிவந்து ஒரேபோட்டார் கையைக் குலுக்கினார். "என்ன குறி சார்! என்ன குறி! நான் நெனச்சுக்கூடப் பாக்கல!"

ஐயோ, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இந்த ரகத்துக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தால் என்ன நடக்கும் என்று தெரியாதா? ஒரேபோட்டாரின் மார்பு தானாக விரிந்தது. வாய் தானாகத் திறந்தது.

"அது ஒண்ணுமில்ல டாக்டர். குளத்துப் பக்கம் காத்து வரும்னு முன்னாடியே ஒரு கணக்கு. மெதுவா விட்டாதான் அது தூக்கும். ஓங்கி விட்டா போச்சு. அதான் அப்படியே ஒரு..." என்று கையை வளைத்துக் காட்டும்போது, டாக்டரின் தோளுக்கு மேலே மனைவியின் முகம் தெரிந்தது.

கை வளைந்தபடியே நின்றது.

ஓடினார். "ஏம்மா, சத்தியமா நான் குறி வெக்கல. புல்லதான் பாத்தேன். காத்து வந்து தூக்கிட்டுப் போயிருச்சு. நீ பாத்தேல்ல? நீ பாத்தியா இல்லையா? கண்ண மூடினனா நான்? சொல்லு!"

வாழ்நாளெல்லாம் வீசினதுக்குச் சாட்சி தேடின மனுஷன், வீசாததுக்குச் சாட்சி தேடி அலைந்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! மச்சினனிடம் ஓடினார். "டேய், நீ சொல்லுடா!"

"குளத்துல வாத்து இருந்துச்சு, நான் அதப் பாத்துட்டிருந்தேன் மாமா."

டாக்டரின் தம்பி இதற்குள் மார்க்கர் பேனாவோடு வந்துவிட்டார். தட்டில் டாக்டர் கையெழுத்துப் போட்டார், தம்பி போட்டார். பாக்கி ஒரு கையெழுத்து. தம்பி பேனாவை அந்த அம்மாவிடம் நீட்டினார்.

அந்த அம்மா தட்டை வாங்கிக்கொண்டார். பேனாவை வாங்கிக்கொண்டார். மூடியைக் கழற்றவில்லை.

"ஒரு சந்தேகம்" என்றார். கிடங்கில் விலாசம் சரியில்லாத பெட்டி வந்தால் இதே குரலில்தான் கேட்பாராம். "டாக்டர்கிட்ட, கணக்குப் போட்டு விட்டேன்னு சொன்னீங்க. எங்கிட்ட, குறியே வெக்கலங்கறீங்க. எது நெஜம்?"

"அது... சும்மா, பேச்சுக்கு..."

"குறி வெச்சீங்கன்னா சத்தியத்த மீறிட்டீங்க. நான் போட மாட்டேன். குறி வெக்கலன்னா இது போடே இல்ல, கை தவறினது. எதுன்னு நீங்களே சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

ஐயா, என்ன மாதிரி இக்கட்டு பாருங்கள்! அந்த அம்மாவுக்கு உண்மை தெரியும். இரண்டு கண்ணும் திறந்திருந்ததை அவர் ஒருவர்தான் பார்த்தார். ஆனால் சொல்லவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். கிடங்கு நின்றது. டாக்டர் நின்றார். அந்தப் பக்கம் போன ஒரு நாயும் நின்றது.

ஒரேபோட்டார் கூடையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். இரண்டு கையெழுத்து விழுந்த தட்டு, அவருடைய ஆட்டங்களிலேயே கோப்பையோடு வந்த முதல் ஒரே போடு. 'குறி வைத்தேன்' என்றால் ஊர் நம்பும், மனைவி போய்விடுவார். 'வைக்கவில்லை' என்றால் மனைவி இருப்பார், ஆனால் அந்த வார்த்தை! அந்த ரகத்தில் யார் வாயிலிருந்தும் இதுவரை வராத வார்த்தை! அவர் உதடு அதைச் சொல்லிப் பார்த்தது, சத்தம் வரவில்லை. மறுபடி சொல்லிப் பார்த்தது.

"கை..."

"கேக்கல" என்றாள் சீல் அடிக்கிற பெண், கண்ணைத் திறந்து.

"கை தவறிருச்சு!" என்று கத்தினார் ஒரேபோட்டார். "நான் ஒண்ணும் போடல! புல்லுல வெக்கத்தான் பாத்தேன்! அவ போட வேண்டியது! தெரியாம விழுந்துருச்சு! போதுமா?"

குளத்து வாத்துகள் எழும்பிப் பறந்தன.

அந்த அம்மா பேனாவின் மூடியைக் கழற்றி, தட்டின் ஓரத்தில், ரொம்பச் சின்ன எழுத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு நேரே நடந்தார். காய்ந்த புல் திட்டில் போய் நின்றார். தலையிலிருந்த இரண்டு இலையையும் எடுத்துக் கீழே போட்டார், இல்லை, வைத்தார். திரும்பிக் கிடங்கைப் பார்த்தார்.

"பாருங்க பாருங்க பாருங்க" என்றார்.

விட்டார். சங்கிலி ஒரே ஒரு தடவை கலகலத்தது.

"இப்பதான் ஆட்டம் முடிஞ்சுது" என்றார்.

அன்றைக்கு எழுந்த சத்தம் மாதிரி அந்தப் பூங்காவில் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. வண்டிக்காரரின் விசில் உடைந்தே போனது. எல்லோரிலும் பெரிய சத்தம் யாருடையது என்கிறீர்கள்? ஒரேபோட்டாருடையதுதான். "பாத்தேன்! நான் பாத்தேன்!" என்று குதித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். காற்றில் தூசி என்றார். நான் நம்பவில்லை.

கோப்பை இப்போது அலமாரி நடுவில் இருக்கிறது. அந்தத் தட்டைக் கடைச் சுவரில், கடைசி வரிசையில் மாட்டச் சொன்னது அந்த அம்மாவின் உத்தரவு. கண் பரிசோதனைக்குப் போகிறவர்கள் மேலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே வருகிறார்கள். ஒரே போடு, ஒரே போடு, ஒரே போடு. ஆகக் கடைசியில், ஆகச் சின்ன எழுத்தில், ஒரு வரி. அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டால் பார்வை சுத்தம்.

"கை... தவ... கை தவறியது. சார், அப்படின்னா என்ன சார்? அப்போ மேல இருக்கறதெல்லாம்?"

"ஒங்களுக்குக் கண்ணாடி வேணாம்" என்கிறார் ஒரேபோட்டார். "கெளம்புங்க."

நல்ல வேளை, நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நாம் தட்டு வீசுகிற ஆளில்லை என்று நிம்மதியாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? ரொம்ப சந்தோஷம். இருக்கிற இடத்திலிருந்தே உங்கள் அறைக் குப்பைத் தொட்டியைக் கொஞ்சம் பாருங்கள். அதைச் சுற்றித் தரை சுத்தமாக இருக்கிறதா? ஒரு காகிதம்கூட வெளியே கிடக்கவில்லையா?

அப்படியானால் உங்கள் குறி அபாரம். அல்லது, உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் நன்றாக வீசப் பழகிக்கொண்டிருக்கிறார்.